ஹேலோவில் ஓட ஒரு பட்டன்: 15 வருடச் சண்டை எதைப் பற்றியது?

ஹேலோ என்பது முதல் ஆள் பார்வையில் ஆடும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம் தொடர். ஒரு வாசகர் கேள்வி கேட்டிருக்கிறார், அவர் ஹேலோ இன்ஃபினிட் மூலமாக இந்தத் தொடருக்குள் வந்தவர். அவர் கேள்வி இதுதான்: பழைய ரசிகர்கள் ஸ்பிரிண்ட் என்றாலே ஏன் கொதிக்கிறார்கள்? வேகமாக ஓட ஒரு பட்டன் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? முதல் பாகத்தின் ரீமேக்கில் வேண்டாதவர்கள் அதை அணைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்களே, அதோடு விஷயம் முடிந்ததா?

ஸ்பிரிண்ட் பட்டனை அழுத்தினால் கையிலிருக்கும் துப்பாக்கி கீழே இறங்கிவிடும். ஓடி முடிக்கும்வரை சுட முடியாது. மொத்தச் சண்டையும் இந்த ஓர் இடத்திலிருந்துதான் கிளைக்கிறது. வேகம் இதில் இரண்டாம்பட்சம். ஸ்பிரிண்ட் வைக்காமல் நடையையே இன்னும் வேகமாக்கியிருந்தால் எதிர்ப்பவர்களில் பலர் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பார்கள். அதைத்தான் அவர்கள் வருடக்கணக்காகக் கேட்டும் வருகிறார்கள்.

இது புரிய 2001 நவம்பருக்குப் போக வேண்டும். முதல் எக்ஸ்பாக்ஸோடு ஹேலோ: காம்பாட் இவால்வ்ட் வந்தபோது, பல ஷூட்டர் கேம்களில் கிரனேடு எறிய வேண்டும் என்றால் முதலில் துப்பாக்கியை மாற்றி கிரனேடைக் கையில் எடுக்க வேண்டும். ஹேலோவை உருவாக்கிய பங்கி நிறுவனம் அதை உடைத்தது. வலது டிரிக்கர் சுட, இடது டிரிக்கர் கிரனேடு எறிய, பி பட்டன் அடிக்க. மூன்றும் எந்த நேரமும் தயாராக இருக்கும், எதையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ரசிகர்கள் இதை கோல்டன் டிரையாங்கிள் என்பார்கள். இந்த முக்கோணம் வேலை செய்ய நடையும் அதற்கேற்றபடி இருந்தது. நாம் ஆடும் நாயகன் மாஸ்டர் சீஃப் முன்னால் போகும் வேகத்துக்கும், பக்கவாட்டில் அல்லது பின்னால் போகும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் எதிரியைப் பார்த்தபடியே, சுட்டபடியே பின்வாங்கலாம். தி லைப்ரரி லெவலில் ஃபிளட் என்னும் ஒட்டுண்ணி எதிரிகளின் கூட்டம் பாய்ந்து வரும்போது ஷாட்கன்னோடு பின்னால் நகர்ந்துகொண்டே ஒவ்வொன்றாக வீழ்த்தியவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அங்கே நகர்வதும் சண்டை போடுவதும் ஒரே செயல்.

அடுத்தது ஷீல்டு, அதாவது உடம்பைச் சுற்றி இருந்து, அடிபட்டால் கரைந்து, கொஞ்ச நேரத்தில் திரும்ப ஏறும் பாதுகாப்பு. ஹேலோவில் ஆளைக் கொல்ல நேரம் பிடிக்கும். ஹேலோ 2, ஹேலோ 3 இரண்டிலும் பேட்டில் ரைஃபிள் (சுருக்கமாக பிஆர்) வைத்திருந்தால், ஒரு அழுத்தலுக்கு மூன்று குண்டு பாயும் பர்ஸ்ட் நான்கு சரியாகப் பட்டு, கடைசியது தலையில் விழுந்தால் ஆள் காலி. அந்த நான்கு பர்ஸ்ட்டுக்கு நடுவில்தான் ஹேலோவின் உயிரே இருக்கிறது. முதல் குண்டு பட்டவர் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. இடம் வலம் ஆடி ஓரிரண்டு பர்ஸ்ட்டைத் தவறவிடச் செய்யலாம், கிரனேடு போடலாம், மேலேயிருந்து குதித்துவிடலாம். கால் ஆஃப் டியூட்டியில் இந்த இடைவெளியே கிடையாது. 2007இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4இல் சில குண்டுகளில் கதை முடிந்துவிடும். அங்கே ஓடுவது ஆபத்தான காரியம். துப்பாக்கியை இறக்கிக்கொண்டு ஓடும்போது யாராவது பார்த்துவிட்டால் திருப்பிச் சுட நேரமிருக்காது. ஆகவே அந்த கேமில் ஸ்பிரிண்ட் தன்னளவிலேயே சமநிலையோடு இருக்கிறது. அதே பட்டனைக் கொல்ல நேரமெடுக்கும் கேமுக்குள் கொண்டுவந்தால் அது தப்பிக்கும் பட்டனாக மாறிவிடுகிறது.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். ஹேலோ 2இன் லாக்கவுட் மேப் (ஆட்டக்களம்). நீங்கள் பிஆர் டவரில் நிற்கிறீர்கள். கீழே நடுத்தளத்தைக் கடந்து ஒருவர் போகிறார். இரண்டு பர்ஸ்ட் இறக்கிவிட்டீர்கள், அவர் ஷீல்டில் பெரும்பகுதி போய்விட்டது. ஸ்பிரிண்ட் இல்லாத கேமில் அவருக்கு என்னென்ன வழி? திரும்பி நின்று, ஸ்ட்ரேஃப் செய்தபடி (பக்கவாட்டில் நகர்ந்தபடி) சுடலாம். உங்கள் காலடியில் கிரனேடு போட்டு உங்களை இரண்டடி பின்னுக்குத் தள்ளலாம். கீழே குதிக்கலாம், ஆனால் எங்கே போய் விழுவார் என்று உங்களுக்குத் தெரியும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் உங்களோடு சண்டையில்தான் இருக்கிறார்.

இப்போது அதே இடத்தில் ஸ்பிரிண்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதுகைக் காட்டி ஓடி மறைவுக்குள் போய்விடுவார். கொஞ்ச நேரத்தில் ஷீல்டு திரும்ப ஏறிவிடும். நீங்கள் துரத்த வேண்டும் என்றால் நீங்களும் ஓட வேண்டும், ஓடினால் உங்கள் துப்பாக்கியும் இறங்கிவிடும். மூலையில் அவர் துப்பாக்கியோடு திரும்பி நிற்பார், நீங்கள் வெறும் ஓட்டத்தோடு போய் அவர் முன்னால் நிற்பீர்கள். ஆகவே விவரம் தெரிந்த ஆட்டக்காரர் துரத்தவே மாட்டார். இடத்தைச் சரியாகப் பிடித்து, முதலில் பார்த்து, முதல் இரண்டு பர்ஸ்ட்டையும் ஒழுங்காக அடித்தவருக்குக் கையில் ஒன்றுமில்லை. தவறான நேரத்தில் திறந்தவெளியைக் கடந்தவருக்கு அதற்கான விலையும் இல்லை. என்னைப் பொறுத்தவரை ஸ்பிரிண்டுக்கு எதிரான முதல் வாதமும் முக்கியமான வாதமும் இதுதான். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்.

இரண்டாவது வாதம் மேப். பழைய ஹேலோவில் வேகம் மேப்பில்தான் இருந்தது. ஹேலோ 3இன் நேரோஸ் மேப்பில் ஆளைத் தூக்கி எறியும் இரண்டு மேன் கேனன்கள் உண்டு. ஏறினால் நடுப்பாலத்துக்குப் பக்கவாட்டில் பறந்து எதிரியின் பக்கம் போய் இறங்கலாம், அதிவேகமாக. ஆனால் நீங்கள் பறக்கும் பாதை எல்லோருக்கும் தெரியும், பறக்கும்போதே சுட்டு வீழ்த்துவார்கள், நீங்களும் காற்றில் இருந்தபடியே திருப்பிச் சுடலாம். டெலிபோர்ட்டர், லிஃப்ட், வார்தாக் ஜீப் எல்லாமே இப்படித்தான். வேகம் வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குப் போக வேண்டும், அந்த இடத்துக்காகச் சண்டை போட வேண்டும். பிளட் கல்ச் என்ற பெரிய மேப்பில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால் நேரமாகும் என்பது உண்மைதான். அதனால்தான் வார்தாக்கில் மூன்று இருக்கை. நடை மெதுவாக இருப்பதால்தான் வண்டி ஓட்டுபவர் நின்று உங்களை ஏற்றிக்கொள்வதற்கு மதிப்பு வருகிறது. எல்லோரும் எப்போதும் ஓடலாம் என்றால் மேப் வடிவமைப்பாளர் எல்லாத் தூரத்தையும் நீட்ட வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் ஓடுபவர்கள் மறைவிலிருந்து மறைவுக்கு ஒரே மூச்சில் போய்விடுவார்கள்.

நீட்டித்தான் ஆனது. ஹேலோ 2இன் மிட்ஷிப் மேப் ஹேலோ 3இல் ஹெரெட்டிக் என்ற பெயரில் ஏறக்குறைய அதே அளவில் வந்தது. ஹேலோ 5இல் ட்ரூத் என்று வந்தபோது பெரிதாகியிருந்தது. இரண்டின் அளவையும் ஒப்பிட்டு ரசிகர்கள் போட்ட படங்கள் பரவலாகச் சுற்றின. அந்த ஒப்பீடு பல பேரின் மனதை மாற்றியது. ஓடும் வேகத்தில் போனால் பழைய மேப்பில் நடந்து போன அதே நேரம்தான் ஆகிறது என்றால், ஸ்பிரிண்டால் கிடைத்த லாபம் எங்கே? கூடுதலாகக் கிடைத்தது துப்பாக்கி இறங்கியிருக்கும் நேரம் மட்டும்தான்.

வரலாறு என்று பார்த்தால் 2010இல் ஹேலோ: ரீச் தொடங்கிவைத்தது. அதில் ஸ்பிரிண்ட் எல்லோருக்கும் கிடையாது. ஜெட்பேக், ஆர்மர் லாக் போல அதுவும் ஓர் ஆர்மர் அபிலிட்டி (கவசத்தின் சிறப்புத் திறன்), ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். கேட்க நியாயமாக இருக்கிறது இல்லையா? ஆனால் ரீச்சில் இன்னொரு விதியும் இருந்தது. எதிரிக்குத் துளி ஷீல்டு மிச்சமிருந்தாலும் மெலீ அடி (கிட்டத்தில் கையால் அடிப்பது) அந்த ஷீல்டை மட்டும்தான் எடுக்கும், மிச்ச அடி உடம்புக்குப் போகாது. இந்த இரண்டு விதியும் சேர்ந்தபோது ஓர் அசிங்கமான உத்தி பிறந்தது. தூரத்திலிருந்து நேராக ஓடி வருவார். நீங்கள் அவர் ஷீல்டை முக்கால்வாசி கரைத்திருப்பீர்கள். வந்து ஓர் அடி, உங்கள் முழு ஷீல்டும் போய்விடும். நீங்கள் திருப்பி அடித்தால் அவருடைய மிச்ச ஷீல்டு மட்டும் போகும். இரண்டாவது அடியில் இருவரும் சேர்ந்து சாவீர்கள், அல்லது அவர் முந்திக்கொள்வார். நீங்கள் சுட்ட குண்டுகளுக்கெல்லாம் மதிப்பே இல்லை. 2011இல் வந்த டைட்டில் அப்டேட்டில் (கேமுக்கான திருத்தப் பதிப்பில்) அந்த மெலீ விதியை மாற்றினார்கள். ரீச்சை இன்றும் கொண்டாடும் ரசிகர்கள்கூட அதன் ஆரம்பகால மல்டிபிளேயரை நினைத்தால் முகம் சுளிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தொடர் 343 இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனபின், 2012இல் வந்த ஹேலோ 4இல் ஸ்பிரிண்ட் எல்லோருக்கும் பொதுவானது. குண்டு பட்டால் ஓட்டம் மெதுவாகும் என்று ஒரு தடையும் வைத்தார்கள். தப்பிப்பது ஒரு பிரச்சினை என்பதை வடிவமைப்பாளர்களே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான்.

ஹேலோ 5தான் உண்மையிலேயே விவாதிக்கத் தக்க பாகம். இங்கே எதிர்ப்பாளர்கள் சிலரோடு நான் ஒத்துப்போவதில்லை. 2015 அக்டோபரில் வந்த அந்த கேமில் ஸ்பிரிண்டுக்கு வரம்பே இல்லை, எவ்வளவு தூரமும் ஓடலாம். பதிலுக்கு, ஓடும்போது ஷீல்டு ஏறாது என்று விதி வைத்தார்கள். நான் மேலே சொன்ன முதல் வாதத்துக்கு நேராகப் பதில் சொல்லும் விதி இது. தப்பித்துப் போகலாம், ஆனால் எங்காவது நின்றால்தான் குணமாகலாம். புத்திசாலித்தனமான தீர்வு, பாதி வேலையும் செய்தது. ஓடி மூலைக்குப் போய் நின்றுகொள்வதை அதால் தடுக்க முடியவில்லை, மேப் பெரிதாவதையும் தடுக்க முடியவில்லை.

ஆனால் அதே கேமில் த்ரஸ்ட் இருந்தது. ஒரு பட்டன், எந்தத் திசையிலும் ஒரு சின்னப் பாய்ச்சல், அப்புறம் மறுபடி பயன்படுத்தக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். எதிரியை முகத்துக்கு நேரே பார்த்தபடியே பக்கவாட்டில் பாயலாம், பாய்ந்து முடித்த அடுத்த கணமே சுடலாம். நான்கு பர்ஸ்ட்டுக்கு நடுவில் இருக்கும் அந்த இடைவெளியை இது இன்னும் சுவாரசியமாக்கியது. எதிரி எப்போது த்ரஸ்ட்டைச் செலவழிப்பார் என்று கணிப்பது, முதலில் அதைச் செலவழிக்க வைத்துவிட்டு அப்புறம் கிரனேடு போடுவது, இதெல்லாம் அசல் ஹேலோ சிந்தனைதான். ஸ்பிரிண்டையும் த்ரஸ்ட்டையும் ஒரே மூட்டையில் கட்டி, நவீன அசைவுகள் எல்லாமே தப்பு என்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். ஒன்று உங்களைச் சண்டையிலிருந்து வெளியே எடுக்கிறது, மற்றது சண்டைக்குள்ளேயே இன்னொரு முடிவைக் கொடுக்கிறது. 2016 உலகச் சாம்பியன்ஷிப்பை கவுண்டர் லாஜிக் கேமிங் அணி வென்றது, போட்டியின் மொத்தப் பரிசுத் தொகை 25 லட்சம் டாலர். அந்தத் தொடரின் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். த்ரஸ்ட்டையும் ஸ்லைடையும் (ஓடி வந்து சறுக்குவதையும்) இணைத்து அவர்கள் ஒரு மூலையைத் திரும்பும் லாவகத்தைப் பார்த்த பிறகு ஹேலோ 5க்கு ஆழம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஸ்பார்ட்டன் சார்ஜ் வேறு கதை. முழு வேகத்தில் ஓடி வந்து தோளால் இடிப்பது அது. ரீச்சின் அந்தப் பழைய வியாதி வேறு உருவில் திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும். குறிபார்க்கத் தேவையில்லாத ஓர் அடிக்கு அவ்வளவு சக்தி கொடுத்திருக்கக் கூடாது.

கிளாம்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளிம்பைப் பிடித்து ஏறும் வசதி. பழைய ஹேலோவில் எட்டாத விளிம்புக்குக் குதிக்கும்போது சரியான நேரத்தில் குனிந்து காலை உயர்த்த வேண்டும், அதற்கு க்ரவுச் ஜம்ப் என்று பெயர். கஷ்டப்பட்டுக் கற்றவருக்கு ஒரு குறுக்குவழி கிடைக்கும், காற்றில் இருக்கும்போதும் துப்பாக்கி அவர் கையில் தயாராக இருக்கும். கிளாம்பரில் எல்லோரும் ஏறலாம், ஏறும் நேரத்தில் யாராலும் சுட முடியாது. திரும்பவும் அதே இடம்தான்: துப்பாக்கி கீழே.

இனி நீங்கள் வந்து சேர்ந்த இன்ஃபினிட். 2021இல் வந்த இந்தப் பாகத்தில் இரு தரப்புக்கும் நடுவே ஒரு சமரசம் செய்தார்கள். ஸ்பிரிண்ட் உண்டு, ஆனால் நடைக்கும் ஓட்டத்துக்கும் வேக வித்தியாசம் மிகக் குறைவு. த்ரஸ்ட்டர், கிராப்பிள்ஷாட் (எறிந்து இழுக்கும் கொக்கி) எல்லாம் மல்டிபிளேயரில் மேப்பில் கிடந்து எடுக்கும் பொருள்களாகிவிட்டன. மேப்புகள் மறுபடி இறுக்கமாகின. இது வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே சமயம் ஒரு நியாயமான கேள்வியும் எழுந்தது: இவ்வளவு கொஞ்ச வேகத்துக்கு ஸ்பிரிண்ட் எதற்கு? என் பதில், ஸ்லைடுக்காக. ஓடி வந்தால் சறுக்கலாம், சறுக்கிக் குதித்தால்தான் உண்மையான வேகம் வரும். ஆக, திறமையான ஆட்டக்காரருக்கு இன்ஃபினிட்டில் ஸ்பிரிண்ட் என்பது ஸ்லைடுக்கு ஒரு முன்னுரை மட்டும்.

ஸ்பிரிண்ட் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பதற்கும் இன்ஃபினிட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வெளியீட்டுக்கு முந்தைய முதல் சோதனைப் பதிப்பில் மோஷன் டிராக்கர் (பக்கத்தில் இருப்பவர்களைக் காட்டும் ரேடார்) ஓடுபவர்களையும் சுடுபவர்களையும் மட்டும்தான் காட்டியது. சாதாரணமாக நடப்பவர் தெரியமாட்டார். கேமில் ஓட்டம் வந்துவிட்டதால் நடையே பதுங்கல் ஆகிவிட்டது. ரசிகர்கள் எதிர்த்தார்கள், வெளியீட்டின்போது பழைய முறை திரும்பியது: குனிந்து நகர்பவரைத் தவிர, நகரும் எல்லோரும் தெரிவார்கள். ஒரு பட்டனைச் சேர்த்தால் அது ரேடார் வரை போய்த் தொடும்.

அதே பாகத்தின் கேம்பெயினில் (கதைப் பகுதியில்) கிராப்பிள்ஷாட்டைப் பாருங்கள். ஸீட்டா ஹேலோ விரிந்த நிலப்பரப்பு, அங்கே ஸ்பிரிண்ட் இருப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. ஆனால் கொக்கி கையில் வந்தபின் யார் ஓடுகிறார்கள்? பறக்கும் பான்ஷீ வாகனத்தை இழுத்துப் பிடிக்கலாம், தூரத்துத் துப்பாக்கியைக் கைக்கு வரவைக்கலாம், எலீட் என்னும் எதிரி மேல் பாய்ந்து அடிக்கலாம். தூரத்தைக் கடப்பதே ஒரு தாக்குதலாகிறது. கடந்த 15 வருடத்தில் ஹேலோவுக்கு வந்த அசைவுகளிலேயே சிறந்தது இதுதான் என்பேன். பழைய கேமின் குணத்தைப் புரிந்துகொண்டவர்கள் செய்த புதுமை.

ஸ்பிரிண்ட் வேண்டும் என்பவர்கள் பக்கத்திலும் வலுவான வாதம் உண்டு. அரை டன் கவசம் போட்ட சூப்பர் வீரன் ஒரே வேகத்தில் மிதந்து போவது புதிதாக வருபவருக்கு ஒட்டாது. கேம் பேடின் இடது ஸ்டிக்கை அழுத்தினால் ஓட வேண்டும் என்பது இன்றைய ஆட்டக்காரர்களின் விரலில் ஊறிவிட்டது. முதல் பாகத்தின் டூ பிட்ரேயல்ஸ் லெவலில் வந்த வழியே திரும்பிப் போகும் நீளத்தை அதன் தீவிர ரசிகர்களே குறையாகச் சொல்வார்கள். உடம்பு முழு பலத்தையும் கொடுத்து ஓடுகிறது என்ற உணர்வும் ஒரு சந்தோஷம்தான். அதைப் பழைய ரசிகர்கள் கேலி செய்வது சரியில்லை. ஆனால் இந்த வாதங்களில் பெரும்பாலானவை கேம்பெயினுக்குத்தான் பொருந்துகின்றன. நான்கு பேர் நான்கு பேருக்கு எதிராக ஆடும் அரீனாவில் எனக்கு ஸ்பிரிண்ட் வேண்டாம். அடிப்படை நடை இன்னும் வேகமாக இருக்கட்டும், த்ரஸ்ட் போல ஒன்று இருக்கட்டும்.

கடைசியாக ரீமேக். 2025 அக்டோபரில் ஹேலோ: கேம்பெயின் இவால்வ்ட் அறிவிக்கப்பட்டபோது ஸ்பிரிண்ட் இருக்கும், வேண்டாதவர்கள் அணைக்கலாம் என்றார்கள். இதில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் மல்டிபிளேயர் இல்லை, அதனால் லாக்கவுட் வாதம் இங்கே செல்லாது. பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. முதல் பாகத்தின் எதிரிகள் நடை வேகத்துக்கு அளந்து வைக்கப்பட்டவர்கள். பிளாஸ்மா குண்டுகள் கண்ணால் பார்த்து விலகும் வேகத்தில் வரும். ஹன்டர் என்னும் பெரிய கவச எதிரி மோத வரும்போது கடைசி நொடியில் பக்கவாட்டில் ஓர் அடி விலகி, முதுகில் தெரியும் ஆரஞ்சு சதையில் பிஸ்டலால் ஒரே ஒரு குண்டு. அந்த ஓர் அடிதான் சண்டை. அசல் கேமின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜேமி கிரீஸ்மர் ரீமேக்கின் காட்சிகளைப் பார்த்துவிட்டுச் சொன்ன குறையும் இதே வகைதான். தி சைலன்ட் கார்ட்டோகிராபரில் ஹன்டர் ஜோடியிடம் வார்தாக்கோடு போய்விடக் கூடாது, நடந்து போய்த்தான் மோத வேண்டும் என்று தான் வேண்டுமென்றே பாறைகளை வைத்ததாகவும், புதியதில் வண்டியோடே போய்விட முடிவதாகவும் வருத்தப்பட்டார். எந்த வேகத்தில் ஒரு சண்டைக்குள் நுழைகிறோம் என்பதை அவர்கள் அவ்வளவு யோசித்திருக்கிறார்கள்.

ஆகவே அணைக்கும் வசதி, தனியாக ஆடுபவருக்குப் போதும். மேப் நீட்டப்படாமல் இருந்தால், அணைத்தவுடன் பழைய அளவுகள் அப்படியே வேலை செய்யும். சார்ஜென்ட் ஜான்சனோடு புதிதாகச் சேர்க்கும் மூன்று மிஷன்களில்தான் எனக்குக் கவலை. அவை ஓடுபவரை மனதில் வைத்து அளக்கப்பட்டிருந்தால், அணைத்தவர் வெற்று நிலத்தில் நடந்துகொண்டிருப்பார். நான்கு பேர் சேர்ந்து ஆடும் கோ-ஆப்பிலும் சிக்கல் வரலாம். ஒருவர் ஓடி முன்னால் போய் எதிரிகளைக் கிளப்பிவிட்டால் நடந்து வரும் மூவருக்கு மிச்சம்தான் கிடைக்கும். கூட்டாக ஆடும்போது ஒரே முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இதுவரை முதல் பாகத்தை ஆடியதில்லை என்றால், சைலன்ட் கார்ட்டோகிராபர் முடியும்வரையாவது அணைத்துவைத்து ஆடுங்கள். அப்புறம் ஆன் செய்துவிட்டு அதே ஹன்டர் ஜோடியிடம் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.